அந்த வயசுல அப்படித்தான்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. அவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘வயசு வைத்தியர்’. படிப்பு கிடையாது, பட்டம் கிடையாது, வாசலில் பலகை கிடையாது, நாம் கூப்பிட வேண்டிய அவசியமும் கிடையாது. யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில், “கொஞ்ச நாளா மனசே சரியில்லைங்க” என்று ஆரம்பித்தால் போதும், பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். என்ன ஆச்சு என்று கேட்காது. எத்தனை நாளாக என்றும் கேட்காது. கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

“என்ன வயசு?”

நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் சரி, பதினொன்றோ, முப்பத்தைந்தோ, எண்பத்திரண்டோ, அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். கண்ணை அரைவாசி மூடுவார். ஈ ஓட்டுவதுபோல் கையை ஒரு தரம் வீசுவார். தீர்ப்பு வந்துவிடும்.

“அந்த வயசுல அப்படித்தான்.”

அவ்வளவுதான், வைத்தியம் முடிந்தது. தலை மறுபடி செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடும். மனசு சரியில்லாதவர் தன் மனசைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகலாம்.

பார்த்திருப்பீர்களே? பார்க்காமல் எங்கே போவீர்கள்? வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். அலுவலகத்துக்கு மூன்று பேர். கல்யாண வீட்டில் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்கள் தலைக்குள் ஒரு அட்டவணை தொங்குகிறது. ஐந்து வயதுப் பிள்ளை தினமும் பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுத்தால் அது அடம் பிடிக்கிற வயசு. பத்து வயதுப் பையன் நகத்தைச் சதை வரைக்கும் கடித்தால் அது துறுதுறுன்னு இருக்கிற வயசு. பதினைந்து வயதுப் பெண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வாரம் யாரோடும் பேசாவிட்டால் அது ரெண்டுங்கெட்டான் வயசு. இருபத்திரண்டில் ஒருவன் வேலை செய்யும் இடத்துக் கழிப்பறையில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தால் அது அடிபட்டுத் தேறுகிற வயசு. பிள்ளை பெற்ற இருபத்தெட்டு வயதுக்காரி பிள்ளையைக் கையில் வாங்கவே பயந்தால் அது புதுசு, போகப் போகப் பழகிவிடும். நாற்பதில் ஒருவர் வீட்டு வாசல் வரை வந்த காரை நிறுத்திவிட்டு, உள்ளே வர மனமில்லாமல் அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது பாரம் சுமக்கிற வயசு. ஓய்வு பெற்றவர் காலையில் குளித்துச் சட்டை மாட்டி, தெருமுனை வரை போய், போக இடமில்லாமல் திரும்பி வந்தால் அது ஓய்ந்து உட்கார்கிற வயசு. எண்பதில் அழுதால், கேட்கவே வேண்டாம், வயசாயிடுச்சு இல்ல!

அட்டவணையில் ஓட்டை எங்கேயாவது தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து போய்ச் சேரும் நாள் வரைக்கும் ஒரு மனிதனுக்கு மனசு கெட்டுப்போக இவர்கள் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. ஒரு வைத்தியரிடம் நேரடியாகவே கேட்டேன். “அப்போ எந்த வயசுலதாங்க மனசு சரியில்லைன்னு சொல்லலாம்?” ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, “எங்க காலத்துல அதெல்லாம் கிடையாதும்மா” என்றார்.

ஒரே ஒரு விஷயத்தில் அட்டவணை செல்லாது. அவர்களுடைய சொந்த உடம்பு. அடுத்தவர் நெஞ்சுக்குள் பாறாங்கல் கிடந்தால் அது வயசு. தனக்கு முழங்கால் வலித்தால் மட்டும் படிக்கட்டைக் கட்டியவன் சரியில்லை.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். எங்கள் தொழிலிலும் வயசு கேட்போம். நாற்பது தாண்டியவர் செய்தித்தாளைக் கைக்கெட்டிய தூரம் வரை தள்ளிப் பிடித்தால், வெள்ளெழுத்து என்று பார்த்த உடனே சொல்லிவிடுவோம். அது வயசில் வருவதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் வயசில் வருவது என்பதற்காக அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோமா? உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதா?” என்று பொறுமையாகக் கேட்டு, கண்ணாடி கொடுத்து அல்லவா அனுப்புகிறோம்! கண்ணுக்கு ஒரு நியாயம், மனசுக்கு ஒரு நியாயமா?

சரி, பொதுவாகப் பேசியது போதும். என் கைவசம் முதல் தரமான மாதிரி ஒன்று இருக்கிறது. என் அக்கா வீட்டுக்காரர். என் அத்தான்.

அத்தான் பஸ் டிப்போவில் போர்மேன். தங்கமான மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். இவர் வீட்டுக்கு வந்தவுடன் செருப்பைக் கழற்றும் முன் அக்காவைத்தான் தேடுவார். ஆனாலும் அட்டவணை என்று வந்துவிட்டால் தலைமை வைத்தியர் அவர்தான். டிப்போ கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து பெருமூச்சு விடவே மெக்கானிக்குகள் யோசிப்பார்களாம். விட்டால் வயசு கேட்டுவிடுவார்.

அதே மனிதரை வண்டி பழுதுபார்க்கும் ஷெட்டுக்குள் பார்க்க வேண்டுமே! அங்கே ‘குறைப் புத்தகம்’ என்று ஒன்று உண்டு. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் ஒவ்வொரு டிரைவரும், அன்றைக்கு வண்டியில் கண்ட குறையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரேக் கொஞ்சம் லேட்டாகப் பிடிக்கிறது, மூன்றாவது கியரில் ஒரு முனகல் கேட்கிறது, ஜன்னல் ஆடுகிறது, எதுவானாலும் சரி. சீட்டுகளெல்லாம் புத்தகத்தில் ஏறும். மறுநாள் காலை முதல் வண்டி கிளம்பும் முன் அத்தான் நின்றுகொண்டு அத்தனை வரியையும் உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆளை ஒதுக்குவார். படிக்காத குறையோடு ஒரு சைக்கிள்கூட அந்த வாசலைத் தாண்டாது என்று டிப்போவில் கேலியாகச் சொல்வார்கள்.

ஒருமுறை ஒரு டிரைவர் அலட்சியமாகச் சொல்லிவிட்டார்.

“பழைய வண்டி சார். கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்.”

அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம். “வயசானா சத்தம் வராதுய்யா. எங்கயோ எதுவோ கழண்டாத்தான் சத்தம் வரும். எங்கன்னு பாக்காம வயசு மேல பழியைப் போட்டா நீ டிரைவரா, ஜோசியரா?”

இதைச் சொன்னது யார் என்று இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

இனி அக்கா. அத்தானுடைய கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எழுதியவருக்கே மறுநாள் புரியாது. அதனால் பல வருஷமாக ஒரு ஏற்பாடு. டிப்போவுக்குப் பின்னாலேயே அவர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ். சாயங்காலம் அத்தான் சீட்டுக் கட்டையும் குறைப் புத்தகத்தையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, முத்து முத்தாக எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதித் தருவாள். விதிப்படி பார்த்தால் தப்புத்தான். டிப்போவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் அக்கா எழுத ஆரம்பித்த பிறகுதான் என்ன ரிப்பேர் என்றே அவர்களுக்குப் புரிய ஆரம்பித்தது.

எழுதுவதோடு விட்டாளா? விமர்சனமும் நடக்கும். “ஏங்க, இந்தப் பதினேழாம் நம்பர் டிரைவர் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கான். பிரேக்குல ஒரு கோளாறும் இருக்காது, பாத்துக்குங்க” என்பாள். பார்த்தால் இருக்காது. ரேடியோவில் பேசுகிறவரோடு சமையலறையிலிருந்தே வாதாடுவாள். பத்திரிகையில் குறுக்கெழுத்தைப் பேனாவால் போடுவாள். பென்சில் கோழைகளுக்கு என்பாள். அப்படி ஒரு வாய், அப்படி ஒரு கை.

அந்த அக்கா ஒரு கட்டத்தில் அடங்கிப் போனாள். சண்டையில்லை, சாவில்லை, ஒரு காரணமும் இல்லை. புத்தகம் எழுதுவது மட்டும் நடந்தது, விமர்சனம் நின்றது. ரேடியோ தானாகப் பேசிக்கொண்டிருந்தது. குறுக்கெழுத்துப் பக்கம் கட்டம் நிரம்பாமல் அடுக்கில் சேர்ந்துகொண்டே போனது. நான் போன் செய்தால் முன்பு காதே சூடாகும், இப்போது ‘ம்’ என்ற ஓரெழுத்தில் பேச்சு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, காலையில் போட்ட தேநீர் மதியம் வரைக்கும் அவள் முன்னால் ஆடை படிந்து கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை.

எங்கள் கடைக்கு நேர் மேலே, மாடியில், மனசுக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார். இளவயதுப் பெண். என்னிடம்தான் கண்ணாடி வாங்கினார். அவரிடம் அக்காவுக்கு நாள் குறித்தேன். அக்கா சொன்ன பதில் இதுதான்: “அவர் சொன்னா வரேன்டி.” அத்தான் சொல்லவில்லை. நாள் தவறிப் போனது. மறுபடி ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குறித்துவிட்டு, அதற்கு நாலு நாள் முன்பு அத்தானைப் பிடித்தேன்.

“அத்தான், அக்கா சரியில்ல.”

“என்னம்மா பண்றது? அம்பத்தொண்ணு ஆகுது. அந்த வயசுல பொம்பளைங்களுக்கு அப்படித்தான். தானா சரியாயிடும்.”

“மூணு மாசமா ஆகலையே.”

“எங்கம்மாவும் அந்த வயசுல இப்படித்தான் இருந்தாங்க. பேசவே மாட்டாங்க. ஜன்னல் பக்கமா உக்காந்துட்டே இருப்பாங்க.”

“அப்புறம் அவங்களுக்குச் சரியாயிடுச்சா?”

அத்தான் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“சரியாச்சான்னா... எங்களுக்குப் பழகிடுச்சும்மா.”

அந்த இடத்தில் எனக்குக் கேலி செய்ய நாக்கு வரவில்லை. வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நாள் குறித்திருப்பதை மட்டும் சொன்னேன். அத்தான் சரி என்று சொல்லவில்லை. “மனசு டாக்டருன்னு போனா அவளே பயந்துடுவா, விடும்மா” என்று கையை வீசிவிட்டுப் போய்விட்டார். அக்கா இப்படியே ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவாள், நாங்கள் எல்லோரும் பழகிவிடுவோம் என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்குள் முழுசாக ஏறியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

புதன்கிழமை காலை டிப்போவில் நடந்ததை எனக்குச் சொன்னவர் ஸ்டோர் கீப்பர். அவரும் எங்கள் கடை வாடிக்கையாளர்தான், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. ஒன்றும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

வழக்கம்போல மெக்கானிக்குகளும் வண்டி எடுக்க வந்த டிரைவர்களும் வரிசையாக நிற்கிறார்கள். அத்தான் குறைப் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே வருகிறார். ஒன்பதாம் நம்பர், கதவு சாத்தவில்லை. முப்பத்திரண்டு, ஹெட்லைட் கண் சிமிட்டுகிறது. அடுத்த வரியில் வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதைக் கவனிக்காமல் அதே குரலில், அதே வேகத்தில் படித்துவிட்டார்.

“காலையில் எழுந்திருக்க முடியவில்லை. எதிலும் மனசு ஒட்டவில்லை. காரணம் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வருகிறது. எப்போதிருந்து... மூன்று மாதமாக.”

அத்தான் நிமிர்ந்தார்.

“யாருய்யா இது, நம்பர் போடாம எழுதினது?”

டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பயப்படாம சொல்லுங்கய்யா. மூணு மாசமா ஒருத்தன் இப்படி இருக்கான், நாம பாட்டுக்கு அவனை வண்டியில ஏத்தி அனுப்பிட்டு இருக்கோம். அவனை நம்பி அம்பது பேரு ஏறுறாங்க. இன்னைக்கே வண்டியிலருந்து இறக்குங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. லீவு நான் எழுதித் தரேன்.”

பின் வரிசையில் ஒரு மெக்கானிக், பாவம், அத்தானிடமே பத்து வருஷம் கேன்டீனில் பாடம் கேட்டவர், மெதுவாகக் கேட்டார்.

“ஆளுக்கு என்ன வயசு இருக்கும் சார்?”

“வயசு எதுக்குய்யா உனக்கு? மூணு மாசம்னு எழுதியிருக்கே, அது கண்ணுக்குத் தெரியலையா?”

இதற்குள் ஸ்டோர் கீப்பர் சீட்டுக் கட்டை எண்ணிப் பார்த்துவிட்டார். எண்ணுவது அவர் வழக்கம். அன்றைக்கு எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாராம். இரண்டாம் தரமும் எண்ணிவிட்டுத்தான் சொன்னார்.

“சார், டிரைவருங்க குடுத்த சீட்டு நாப்பதுதான் இருக்கு. புத்தகத்துல நாப்பத்தொரு வரி இருக்கு.”

சீட்டு இல்லாமல் ஒரு வரி புத்தகத்துக்குள் எப்படி வரும்? எழுதுகிறவர் தானாக எழுதினால்தான் வரும். புத்தகத்தை யார் எழுதுகிறார்கள் என்பது அங்கே நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பத்து வருஷப் பாடம் கேட்டவர் தன் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் அந்த வரியை மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை வாய்க்குள்ளேயே, படித்தார். பிறகு புத்தகத்தை ஸ்டோர் கீப்பர் கையில் கொடுத்து, “மிச்சத்தை நீங்க படிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுக் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் பாதிப் படிப்பில் கிளம்பியது அன்றைக்குத்தான்.

வீட்டில் நடந்ததை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். கிரீஸ் கையோடு வந்து எதிரே நின்றாராம். மனசு சம்பந்தமாக அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான், அதைக் கேட்க இப்போது வாய் வரவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிரைவர்களிடம் கேட்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“எப்போ கவனிச்ச?”

“மழை ஆரம்பிச்சப்போ.”

“காலையில அதிகமா, சாயங்காலமா?”

“காலையிலதான். சாயங்காலம் கொஞ்சம் தேவலாம்.”

“விட்டு விட்டு வருதா, தொடர்ந்தா இருக்கா?”

“தொடர்ந்துதான்.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?”

“சின்னவன் பொறந்தப்போ வந்துச்சு. அப்போ உங்கம்மா, புள்ள பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க.”

அத்தான் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு, “என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“சொன்னேங்க. நீங்க என் வயசைச் சொன்னீங்க.”

சொல்லிவிட்டு அக்கா அழுதிருக்கிறாள். மூன்று மாதத்தில் இன்னொருவர் எதிரில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. தெரிந்துதான் அந்த வரியை எழுதினாயா என்று பிற்பாடு நான் கேட்டேன். “தெரியலடி. நாப்பது வண்டிக்கு எழுதினேன், கை நிக்கல, அப்படியே எழுதிடுச்சு” என்றாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அரை மணி முன்னாலேயே இருவரும் வந்துவிட்டார்கள். காத்திருக்கும் அறையில் எல்லா வயசும் இருந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கைக்குழந்தையோடு ஒரு தாய், கைத்தடியோடு ஒரு பெரியவர். அத்தானின் கண் ஒவ்வொருவர் மேலும் போய்ப் போய் வந்தது. பழக்கதோஷம், அட்டவணை உள்ளே ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒரு பார்வை பார்த்தேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் தேதியைப் படித்தார்.

மூவரும் உள்ளே போனதும் டாக்டர் அக்காவைப் பார்த்து, “சொல்லுங்க” என்றார். அத்தான் முந்திக்கொண்டார். “அம்பத்தொண்ணு டாக்டர்...”

“அது சீட்டுலயே இருக்கு. அவங்க சொல்லட்டும்.”

அப்புறம் டாக்டர் கேட்டது என்ன தெரியுமா? எப்போதிருந்து, காலையிலா சாயங்காலமா, விட்டு விட்டா தொடர்ந்தா, இதற்கு முன் வந்ததுண்டா. அத்தானுக்கு வாய் பிளந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக வண்டிக்குக் கேட்டதை இந்தப் பெண் மனுஷிக்குக் கேட்கிறாளே என்று! வயசுக்கும் இதில் பங்கு இருக்கலாம், ரத்தப் பரிசோதனையும் செய்து பார்ப்போம், எதனால் வந்திருந்தாலும் இதற்கு வைத்தியம் உண்டு என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். வெளியே வந்ததும் அத்தான் என்னிடம், “நல்ல மெக்கானிக்மா” என்றார். அவர் வாயால் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அக்கா மறுநாளே துள்ளி எழுந்தாள் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் நல்ல நாள், மூன்று நாள் மோசமான நாள் என்று போனது. ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, “இந்தப் புது டிரைவர் எழுத்துப் பிழையிலயே வண்டியைக் கவுத்துடுவான் போல” என்றாளாம். அத்தான் அதைச் சொல்ல எனக்குக் கடைக்கே போன் செய்தார். அந்த வரியை எனக்கு இரண்டு தரம் சொல்லிக் காட்டினார்.

அத்தான் திருந்திவிட்டாரா? முக்கால்வாசி. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் சாப்பாடே வேண்டாம் என்கிறார் என்று பேச்சு வந்தபோது, “எழுபத்தெட்டு...” என்று ஆரம்பித்திருக்கிறார். அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அத்தான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், எப்போதிருந்து என்று கேட்டுவிட்டு வந்தார்.

இதோடு முடித்தால் என் பெயர் கெடாது. ஆனால் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. அக்கா முதலில் வந்தது அத்தானிடம் இல்லை. முதல் மாதமே என் கடைக்கு வந்தாள். “குறுக்கெழுத்துப் போடவே தோணலடி, எழுத்தைப் பாத்தாலே சலிப்பா வருது. கண்ணுதான் மங்குதோ என்னமோ” என்றாள். நான் பரிசோதித்தேன். கண் நன்றாகவே இருந்தது. “கண்ணுல ஒண்ணுமில்லக்கா. அம்பது தாண்டினா அப்படித்தான் சலிப்பா இருக்கும், எனக்கே நாப்பத்தாறுல இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, பழைய கண்ணாடியையே துடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினாள். மாடியில் டாக்டர் இருந்தார்.

பேச்சுவாக்கில் என் வயசைச் சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? நாற்பத்தாறு. வீடும் வேலையும் உள்ள ஒருத்தி மெனக்கெட்டு உட்கார்ந்து, அக்கா புருஷனைக் குத்திக்காட்டி, இவ்வளவு நீளத்துக்குப் புலம்பி எழுதியிருக்கிறாளே, ஏன் என்று இப்போது உங்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்குமே? அந்த வயசில் அப்படித்தான் என்று உள்ளே ஒரு குரல் லேசாகச் சொல்லியிருக்குமே? சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், நம் கூட்டம் பெரியது. எழுந்து போய், உங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகப் பேச்சுச் சத்தம் வராத அறை எது என்று பார்த்து, கதவைத் தட்டி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். வயசுதான் உங்களுக்குத் தெரியுமே. மற்றதைக் கேளுங்கள்.